மருந்தாளரின் மனைவி

1963-ன் தொடக்கத்தில், லண்டன் மாட்ஸ்லி மனநல மருத்துவமனையில் பயிற்சியில் இருந்த பாரி பிளாக்வெல் என்ற இளம் மருத்துவருக்கு நாட்டிங்ஹாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு மருந்தாளர். கடிதம் எழுதியது தொழில் விஷயமாக அல்ல, வீட்டு விஷயமாக. அவர் மனைவி மனச்சோர்வுக்காக ஒரு மாத்திரை சாப்பிட்டுவந்தார். இரண்டு தடவை அவருக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்தது. இரண்டு தடவையும் அதற்குச் சற்று முன்னால் சீஸ் சாப்பிட்டிருந்தார். வெண்ணெயோ பாலோ சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. சீஸில் இருக்கும் அமினோ அமிலங்களுக்கும் இந்த மாத்திரைக்கும் ஏதாவது தொடர்பு இருக்கலாமா என்று கேட்டிருந்தார். அப்படி இருந்தால், இந்தப் பக்கவிளைவு ஏன் எப்போதோ ஒரு தடவை, யாரோ சிலருக்கு மட்டும் வருகிறது என்பதற்கும் விடை கிடைத்துவிடும் என்று சேர்த்திருந்தார்.

பிளாக்வெல் கடிதத்தைச் சக மருத்துவர்களிடம் காட்டினார். சிரித்தார்கள். இதைப் பிற்காலத்தில் அவரே பதிவு செய்திருக்கிறார். சிரிப்பு வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆங்கிலேயனுக்குச் சீஸ் என்பது நமக்குத் தயிர் மாதிரி. ‘தயிர் சாதம் சாப்பிட்டேன், உயிர் போகிற தலைவலி, நீங்கள் கொடுத்த மாத்திரையும் தயிரும் சேரவில்லை’ என்று யாராவது வந்து சொன்னால் நம் ஊர் மருத்துவர் என்ன பண்ணுவார்? சிரிக்காமல் இருந்தாலே பெரிய மனுஷர்.

கடிதம் அவருக்கு ஏன் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மாட்ஸ்லியில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், இன்னொரு மருத்துவர் தன் நோயாளி ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இளம்பெண். ட்ரானில்சைப்ரமின் என்ற மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு ஏற்பட்டுவிட்டது. பார்னேட் என்ற பெயரில் விற்ற மாத்திரை அது. பிளாக்வெல்லுக்கு அது மனதில் தைத்துவிட்டது. மருத்துவ இதழ்களைப் புரட்டினார். அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத் தலைவலி, திடீர் ரத்த அழுத்தம் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறிப்புகள் கிடந்தன. அதைத் தொகுத்து லான்செட் இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். ஜனவரி 1963-ல் வெளியான அதைப் படித்துவிட்டுத்தான் நாட்டிங்ஹாம் மருந்தாளர் பேனாவை எடுத்தார்.

இந்த மாத்திரைகளின் பூர்வீகம் மனநல மருத்துவமனை இல்லை, காசநோய் மருத்துவமனை. 1952-ல் நியூயார்க் ஸ்டேட்டன் தீவில் இருந்த ஸீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு ஐசோனியசிட், ஐப்ரோனியசிட் என்ற இரண்டு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. மூலக்கூறில் சின்ன வித்தியாசம்தான். ஐப்ரோனியசிட் எடுத்தவர்களிடம் இருமல் குறைந்ததோடு இன்னொரு மாற்றமும் தெரிந்தது. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து நடமாட ஆரம்பித்தார்கள். வார்டில் சிரிப்பும் ஆட்டமுமாக இருக்கிற புகைப்படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அதே 1952-ல் ஆல்பர்ட் ஸெல்லர் என்ற உயிர்வேதியியலாளர், இந்த மருந்து மோனோ அமைன் ஆக்சிடேஸ் என்கிற நொதியை முடக்குகிறது என்று கண்டுபிடித்தார். 1957-ல் நேதன் க்ளைன் அதை மனச்சோர்வுக்குக் கொடுத்துப் பார்த்துப் பலன் உண்டு என்றார். ஐப்ரோனியசிட் கல்லீரலைக் கெடுத்து மஞ்சள்காமாலையைக் கொண்டுவந்ததால் ஒதுக்கப்பட்டது. அதன் இடத்தைப் பிடிக்க வந்த அதே வகை மாத்திரைகளில் ஒன்றுதான் பார்னேட்.

அந்த நொதியின் கதைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. அதைக் கண்டுபிடித்தவர் ஸெல்லர் இல்லை. 1928-ல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த மேரி ஹேர், கல்லீரலில் ஒரு புதிய நொதியைக் கண்டார். அது டைரமின் என்ற பொருளைச் சிதைத்தது. அதனால் அதற்கு ‘டைரமின் ஆக்சிடேஸ்’ என்றே பெயர் வைத்தார். மோனோ அமைன் ஆக்சிடேஸ் என்பது அதற்குப் பின்னால் வந்த பெயர். டைரமின் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதும் புதிய செய்தி இல்லை; 1910-க்கு முன்பே ஆய்வகங்களில் தெரிந்திருந்தது. டைரோசின் என்ற அமினோ அமிலம் சிதைந்து வருவது டைரமின். டைரோசினை 1846-ல் முதலில் பிரித்தெடுத்தவர் லீபிக், சீஸிலிருந்து. கிரேக்க மொழியில் ‘டைரோஸ்’ என்றால் சீஸ்.

கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். ஒரு மருந்து ஒரு நொதியை முடக்குகிறது. அந்த நொதியின் முதல் பெயரே, அது எதைச் சிதைக்கும் என்று சொல்கிறது. அந்தப் பொருள் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்று ஐம்பது ஆண்டுகளாகத் தெரியும். அந்தப் பொருளின் பெயருக்குள்ளேயே சீஸ் உட்கார்ந்திருக்கிறது. அத்தனையும் நூலகத்தில், வேறு வேறு அலமாரியில். மருந்தைத் தயாரித்தவர்கள், பரிசோதித்தவர்கள், அனுமதித்தவர்கள், எழுதிக்கொடுத்தவர்கள், யாரும் அலமாரிகளைச் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்தது ஒரு சாப்பாட்டு மேசை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். பயனர்கள் அனுப்பும் குறைகளைப் படிப்பது என் வேலையில் பாதி. அவற்றில் பெரும்பாலானவை ‘வேலை செய்யவில்லை’ என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடும். அந்தக் கண்ணோடு பார்த்தால் நாட்டிங்ஹாம் கடிதம் ஒரு பொக்கிஷம். என்ன நடந்தது, அதற்கு முன்னால் என்ன செய்தார்கள், எத்தனை தடவை, எதைச் செய்தபோது நடக்கவில்லை, ஏன் நடக்கிறது என்பதற்கு ஒரு ஊகம், அந்த ஊகம் சரியென்றால் வேறு எந்தப் புதிருக்கு விடை கிடைக்கும் என்பது வரை எல்லாம் இருக்கிறது. பாலும் வெண்ணெயும் ஒன்றும் செய்யவில்லை என்ற வரி சாதாரணமானது இல்லை. சீஸும் பாலிலிருந்து வருவதுதான். ஆக, பால் குற்றவாளி இல்லை, பால் புளித்துச் சீஸாகும்போது உண்டாகிற ஏதோ ஒன்றுதான் காரணம் என்று அந்த வரி சுட்டுகிறது. எழுதியவர் கணவர். ஆனால் உடம்பு மனைவியுடையது. தலைவலி எப்போது வந்தது, அன்றைக்குத் தட்டில் என்ன இருந்தது என்று தெரிந்தவர் அவர். இந்தக் கதையைச் சொல்லும் கட்டுரைகளில் நான் பார்த்தவரை அவர் ‘மருந்தாளரின் மனைவி’ மட்டும்தான்.

சிரிப்போடு விஷயம் முடிந்திருக்கும். முடியாமல் போனதற்கு மருந்துக் கம்பெனி ஆள் ஒருவரும் காரணம். அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, சீஸ் பற்றி இதே மாதிரி வேறு தகவலும் கம்பெனிக்கு வந்திருப்பதாகத் தெரிந்தது. பிளாக்வெல்லுக்கு அப்போதுதான் உறைத்தது. மருத்துவமனையில் ஏற்கெனவே இப்படிப் பாதிக்கப்பட்டிருந்த ஒரு நோயாளியின் நினைவு வந்தது. நேரே சமையற்கூடத்தின் உணவுப் பட்டியலைப் போய்ப் பார்த்தார். அன்றைக்குச் சாப்பாட்டில் சீஸ் இருந்தது. நோயாளியின் கோப்பில் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், வெப்பநிலை எல்லாம் நேரம் போட்டு எழுதியிருந்தார்கள். சாப்பிட்டது என்ன என்பது கோப்பில் இல்லை. அது சமையல்காரரின் காகிதத்தில் இருந்தது.

அடுத்து அவர் செய்ததை இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொள்ளாது. தானே மாத்திரையைச் சில நாட்கள் விழுங்கிவிட்டு, பிறகு சீஸ் சாப்பிட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் தொழிலில் இந்த இடத்துக்கு ஒரு பேர்பெற்ற வசனம் உண்டு: ‘என் கணினியில் சரியாகத்தானே ஓடுகிறது.’ அதைச் சொல்லிவிட்டுக் குறையைக் கிடப்பில் போட்டுவிடலாம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், சோதனை செய்து பார்த்தாகிவிட்டதல்லவா. 1963-ல் பிளாக்வெல் அதைச் செய்திருந்தால் மிகவும் முறையான, அறிவியல்பூர்வமான தவறாக அது இருந்திருக்கும். அவர் விடவில்லை. அந்த மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த ஒரு நோயாளியிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்கி, சீஸ் கொடுத்து, பக்கத்தில் ரத்த அழுத்தமானியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அழுத்தம் ஏறியது. தலைவலி வந்தது. மருந்தாளர் எழுதியது அப்படியே நடந்தது.

அந்த ஆண்டு அக்டோபரில் லான்செட்டில் அவர் கட்டுரை வந்தது. அதே மாதம் அதே இதழில் அசட்டூர், லெவி, மில்ன் என்ற மூவரும் ட்ரானில்சைப்ரமினையும் சீஸையும் சேர்த்துப் பேசி, டைரமினைச் சுட்டிக்காட்டினார்கள். அதன் பிறகு கதை சுலபமாகப் புரிந்துவிட்டது. சீஸ் பழுக்கும்போது நுண்ணுயிர்கள் டைரோசினை டைரமினாக மாற்றுகின்றன. சாதாரணமாக நாம் சாப்பிடும் டைரமினைக் குடலிலும் கல்லீரலிலும் இருக்கும் மேரி ஹேரின் நொதி சிதைத்துவிடும். ரத்தத்துக்குள் அது நுழையவே நுழையாது. வாசலில் நிற்கிற காவல்காரர் மாதிரி. மாத்திரை அந்தக் காவல்காரரைத் தூங்க வைத்துவிடுகிறது. டைரமின் உள்ளே போய் நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கும் நார் அட்ரினலினை வெளியே தள்ளுகிறது. ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. அழுத்தம் சில நிமிடங்களில் எகிறுகிறது. மூளையில் எங்காவது பலவீனமான குழாய் இருந்தால் அது தாங்காது.

சரி, பிளாக்வெல்லுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அதற்கான பதிலையும் அவரே பால்பொருள் ஆராய்ச்சியாளர் ஒருவரோடு சேர்ந்து 1965-ல் கொடுத்தார். சீஸுக்குச் சீஸ் டைரமின் அளவு மிகவும் வித்தியாசப்படுகிறது. செடார் என்று ஒரே பெயரில் விற்கிற இரண்டு துண்டுகளில் ஒன்றில் கொஞ்சமாகவும் இன்னொன்றில் பல மடங்காகவும் இருக்கலாம். எத்தனை நாள் பழுத்தது, எப்படி வைத்திருந்தார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது அது. தவிர, எவ்வளவு மாத்திரை, எத்தனை நாளாக, எவ்வளவு சீஸ் என்ற கணக்கும் உண்டு. ஆகவே பத்துப் பேர் சாப்பிட்டு ஒன்பது பேர் நன்றாக இருப்பதில் முரண்பாடே இல்லை. பக்கவிளைவு எப்போதோ ஒரு தடவை வருவதே அது சீஸால் வருவதற்கான தடயம் என்று மருந்தாளர் எழுதியது, ஆய்வகத்து எண்கள் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால்.

1964-ல் அமெரிக்காவில் பார்னேட்டைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டில் கட்டுப்பாடுகளோடு திரும்ப வந்தது. காரணம் தெரிந்துவிட்டதல்லவா, சாப்பிடக் கூடாததைச் சொல்லிவிட்டால் போதும். சீஸோடு ஆரம்பித்த பட்டியல் வேகமாக வளர்ந்தது. மார்மைட் என்கிற ஈஸ்ட் சாறு, ஊறவைத்த ஹெர்ரிங் மீன், சில வகை ஒயின், அவரைக்காயின் தோல். சளிக்கு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்குகிற மூக்கடைப்பு மாத்திரையும் சேர்ந்தது. அதையெல்லாம் யார் ‘மருந்து’ என்று கணக்கில் வைக்கிறார்கள்? பிரிட்டனில் இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு எச்சரிக்கை அட்டை ஒன்றைக் கொடுத்து எப்போதும் கையில் வைத்திருக்கச் சொன்னார்கள்.

இங்கே இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நோயாளி சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று ஆகிவிடும். சீஸ் விஷயம் நிரூபணமான பிறகு, யாராவது ஒருவர் ஒரு தடவை ஏதாவது சாப்பிட்டுத் தலைவலி என்றால் போதும், அதுவும் பட்டியலில் ஏறியது. சில பதிற்றாண்டுகளில் பட்டியல் பார்ப்பவரைப் பயமுறுத்தும் அளவுக்குப் பெருத்தது. இதைப் பின்பற்றுவதற்கு மாத்திரையே வேண்டாம் என்று மருத்துவர்களும் நோயாளிகளும் ஒதுங்கினார்கள். 1980-களின் கடைசியில் டொரொண்டோவில் கென்னத் ஷுல்மனும் சகாக்களும் உணவுகளை வாங்கிவந்து டைரமினை அளந்து பார்த்தார்கள். பாதிக்கும் மேல் தேவையில்லாத பயம் என்று தெரிந்தது. முதலில் சிரித்தது ஒரு தப்பு என்றால், பிறகு அளக்காமலே எல்லாவற்றையும் நம்பியது இன்னொரு தப்பு. இரண்டிலுமே சோம்பல் இருக்கிறது. பிளாக்வெல் செய்தது இரண்டுக்கும் நடுவில், சமையற்கூடத்துக்கு நடந்து போய்க் காகிதத்தைப் பார்த்தது.

நம் ஊரில் இந்தக் கேள்வி புதிது இல்லை. சித்த வைத்தியரிடம் போனால் மருந்தோடு பத்தியமும் வரும். அந்தப் பழக்கத்தில் ஆங்கில மருத்துவரிடமும் நம் பாட்டிகள் கேட்பார்கள்: ‘என்னென்ன சாப்பிடக் கூடாது டாக்டர்?’ பதில் பெரும்பாலும் ‘எல்லாம் சாப்பிடலாம்மா’ என்பதுதான். கிளம்பி வாசலைத் தாண்டியதும் பாட்டி ‘இவருக்கு ஒண்ணும் தெரியல’ என்பார். பத்தியத்தை அப்படியே அறிவியல் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லா மருந்துக்கும் ஒரே மாதிரி கத்தரிக்காயையும் கருவாட்டையும் ஒதுக்குவது டொரொண்டோவில் தள்ளுபடியான பட்டியலின் சகோதரன்தான். ஆனால் கேள்வி சரியான கேள்வி. மருந்து உடம்புக்குள் தனியாகப் போவதில்லை என்பது அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

நமக்கு ரொம்பப் பக்கத்தில் நடந்ததே ஒன்று உண்டு. ஐப்ரோனியசிட்டின் சகோதரன் ஐசோனியசிட் காசநோய்க்கே தங்கிவிட்டது. இன்றும் முதல் வரிசை மருந்து. 1977-ல் இலங்கையைச் சேர்ந்த நெஞ்சு நோய் மருத்துவர் சி. ஜி. உரகொட, இன்னொருவரோடு சேர்ந்து ‘ட்யூபர்கிள்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐசோனியசிட் எடுத்துக்கொண்டிருந்த நோயாளிகளுக்குச் சில வகை மீன் சாப்பிட்ட பிறகு முகம் சிவக்கிறது, தலைவலி, படபடப்பு, அரிப்பு வருகிறது என்று. அடுத்த சில ஆண்டுகளில் இலங்கையிலிருந்தே இதைப் பற்றிப் பல கட்டுரைகள் வந்தன. சம்பந்தப்பட்டவை சூரை இன மீன்கள். பிடித்த பிறகு பனிக்கட்டியில் வைக்காமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். நிறைய சேர்ந்தால் யாருக்கும் ஒத்துக்கொள்ளாது. ஐசோனியசிட் எடுப்பவருக்குக் கொஞ்சமே போதும், ஏனென்றால் ஹிஸ்டமினைச் சிதைக்கும் டை அமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியை அந்த மருந்து முடக்குகிறது. மோனோ, டை என்று இந்த நொதிகளை 1938-ல் இரண்டாகப் பிரித்துப் பெயர் சொன்னவர் அதே ஸெல்லர். ஒரு நொதி சீஸுக்குப் போனது, இன்னொன்று மீன் குழம்புக்கு.

லண்டனில் சீஸ் மாதிரியே, இலங்கையில் மீன் சாப்பிடுவதை யாரும் ஒரு சம்பவமாக நினைக்க மாட்டார்கள். தினமும் செய்கிற விஷயம் சந்தேகப் பட்டியலில் கடைசியாகத்தான் வரும். காசநோய்க்கு மருந்து எடுப்பவர் ஆறு மாதம், அதற்கு மேலும் விடாமல் சாப்பிட வேண்டும். ஒருநாள் மதியம் மீன் சாப்பிட்டுவிட்டு மூஞ்சி வீங்கிப் படபடத்தால் அவர் எதைக் குறை சொல்வார்? மீனையா, புதிதாக வந்த மாத்திரையையா? மாத்திரையை நிறுத்திவிடுவார். காசநோயில் பாதியில் நிறுத்துவது எதில் போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மருந்தும் மருந்தும் மோதுகிற கதையும் இதே காசநோய்க் குடும்பத்தில் இருக்கிறது. 1960-களின் கடைசியில் ரிஃபாம்பிசின் வந்தது. 1971-ல் ஜெர்மனியில் ரைமர்ஸ், யெசெக் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ரிஃபாம்பிசினோடு கருத்தடை மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு மாதவிடாய் தாறுமாறாகிறது, இடையிடையே ரத்தப்போக்கு வருகிறது என்பது செய்தி. ரிஃபாம்பிசின் கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிடுகிறது. கருத்தடை மாத்திரையின் ஹார்மோன்கள் வழக்கத்தைவிட வேகமாகச் சிதைந்துபோகின்றன. மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் கருத்தரித்த பெண்களைப் பற்றிய தகவல்கள் பிறகு வந்தன. சீஸ் விஷயத்தில் நொதி தூங்கியது, இங்கே நொதி அளவுக்கு மீறி விழித்துக்கொண்டது.

இது எப்படித் தெரிய வந்தது என்பதைக் கவனியுங்கள். நெஞ்சு நோய் மருத்துவர் எக்ஸ்ரே பார்ப்பார், சளியைச் சோதிப்பார், எடை பார்ப்பார். மாதவிடாய் அவர் கோப்பில் ஒரு கட்டம் இல்லை. கருத்தடை மாத்திரையை எழுதிக்கொடுத்தவர் வேறு மருத்துவர், வேறு கட்டடம். இரண்டு சீட்டும் ஒரே இடத்தில் சந்திப்பது அந்தப் பெண்ணின் கைப்பையில் மட்டும்தான். அவர் வாயைத் திறந்து, அதுவும் காசநோய் வார்டில், ஆண் மருத்துவரிடம், ‘எனக்கு நாள் தப்பித் தப்பி வருகிறது’ என்று சொன்னால்தான் இந்த இரண்டு மருந்தும் ஒன்றையொன்று சந்தித்த கதை வெளியே வரும். சொல்லக் கூச்சப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது எந்த இதழிலும் வராது.

மறுபடியும் இங்கிலாந்து. தாலிடோமைட் மாத்திரையால் கைகால் இல்லாமல் குழந்தைகள் பிறந்த பேரிடருக்குப் பிறகு, 1964-ல் பிரிட்டன் மஞ்சள் அட்டை என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மருந்தால் விபரீதம் என்று சந்தேகம் வந்தாலே போதும், நிரூபிக்கத் தேவையில்லை, ஒரு மஞ்சள் அட்டையை நிரப்பித் தபாலில் போட்டுவிடலாம். டெரிக் டன்லப் தலைமையிலான குழு அவற்றைப் பார்க்கும். நல்ல யோசனை, எளிமையானது, உலகமே பிறகு அதைப் பின்பற்றியது. ஆனால் அந்த அட்டையை யார் அனுப்பலாம்? மருத்துவர்களும் பல் மருத்துவர்களும்.

சீஸ் கட்டுரை வெளியானது அக்டோபர் 1963. மஞ்சள் அட்டை வந்தது 1964. லான்செட்டைப் படிக்கிற, அமினோ அமிலம் வரை யோசிக்கிற ஒரு மருந்தாளரின் கடிதம் மருத்துவ உலகத்தை ஒரு உலுக்கு உலுக்கி ஓராண்டுகூட ஆகியிருக்காது. அந்த அட்டையில் மருந்தாளருக்கு இடம் இல்லை. மருத்துவமனை மருந்தாளர்களுக்கு அந்த உரிமை நாடு முழுக்கக் கிடைத்தது 1997-ல். கடைகளில் இருக்கும் மருந்தாளர்களுக்கு 1999-ல். செவிலியர்களுக்கு 2002-ல். அவருடைய மனைவிக்கு, அதாவது மருந்தை விழுங்கியவருக்கு, 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் முதலில் சோதனை முயற்சியாகத்தான்.

நோயாளிகளை உள்ளே விட்டால் குப்பை சேரும் என்பதுதான் இவ்வளவு காலமும் சொல்லப்பட்ட காரணம். அந்தப் பயம் முழுக்கப் பொய் இல்லை. தகவல் எவ்வளவு அதிகமாக வருகிறதோ அவ்வளவுக்குச் சத்தமும் கூடும் என்பது என் தொழிலில் தினம் பார்ப்பது. ஆனால் மருத்துவர்களின் அட்டைகளும் தங்கத்தட்டில் வரவில்லை. பெரும்பாலான பக்கவிளைவுகளை அவர்கள் அனுப்புவதே இல்லை என்பது எல்லா நாட்டிலும் தெரிந்த விஷயம். நேரமில்லை, தன்மேல் பழி வருமோ என்ற தயக்கம், ‘இது தெரிந்ததுதானே’ என்ற அலட்சியம். பிரிட்டனில் நோயாளிகள் அனுப்பிய அறிக்கைகளை மருத்துவர்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. நோயாளிகள் வேறு வகையான மருந்துகளையும் வேறு வகையான விளைவுகளையும் பற்றி எழுதியிருந்தார்கள். அந்த விளைவு தங்கள் அன்றாட வாழ்க்கையை என்ன செய்தது என்பதை மருத்துவர்களைவிட விரிவாக எழுதியிருந்தார்கள். ஆய்வுக்குத் தலைமை தாங்கிய அந்தோணி ஏவரி பணியாற்றியது நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில். ஊர்ப் பெயர் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். இருந்தாலும் படித்தபோது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

இந்தியாவில் இதற்கான தேசியத் திட்டம் 2010-ல் தொடங்கியது. அடுத்த ஆண்டு முதல் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. நாடு முழுக்க மருத்துவக் கல்லூரிகளில் தகவல் மையங்கள் இருக்கின்றன. வருகிற அறிக்கைகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான். பொதுமக்களே அனுப்புவதற்கென்று தனிப் படிவம் ஒன்றும் இருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணும் இருக்கிறது. மருந்துக்கடை வாசலிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இதைப் பற்றி ஒரு சுவரொட்டியை நான் பார்த்ததில்லை. சர்க்கரைக்கு ஒருவர், முட்டிவலிக்கு ஒருவர், ரத்த அழுத்தத்துக்கு ஒருவர் என்று மூன்று மருத்துவர்களிடம் போய், நடுவில் நாட்டு மருந்துக்கடையில் ஒரு சூரணமும் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நிறைந்த ஊர் இது. நான்கும் சந்திப்பது ஒரே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், டிவிக்குப் பக்கத்தில்.

அந்தப் படிவம் தமிழிலும் கிடைக்கிறது. அதை அனுப்ப மருத்துவரின் கையெழுத்து தேவையில்லை.